பழைய கான்ஃபிகர் பைல், புதிய கம்ப்யூட்டர்: சரி செய்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் லினக்ஸ் பதிந்து கொண்டவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய புரோகிராம்தான் சார். அதன் சோர்ஸ் கோடும் கையில் இருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தால் முதல் கட்டளையிலேயே நின்று விடுகிறது. கோளாறு கம்ப்யூட்டரிலா, புரோகிராமிலா?"

பெரும்பாலும் இரண்டிலும் கோளாறு இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று வேலையைத் தொடங்கி வைக்கும் சில சிறிய பைல்கள் பழையதாகி விட்டன என்பதுதான் காரணம். அவற்றைப் புதுப்பிக்கப் புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை. நான்கைந்து கட்டளைகளும், பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும் போதும். அதனை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் பைல் பெயர்களையும் இங்கு தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், (மேக் இன்ஸ்டால் போல இடைவெளி தேவைப்படும் கட்டளைகள் தவிர) சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் தட்டி என்டர் அழுத்தவும். "டாட்" என்று வரும் இடத்தில் புள்ளி வைக்கவும்.

கான்ஃபிகர் என்ன செய்கிறது?

சோர்ஸ் கோடு என்பது மனிதர் எழுதிய வடிவில் இருக்கும் புரோகிராம். கம்பைலர் அதனை உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. ஆனால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்று போல இருப்பதில்லை. பிராசசர் வேறு, லினக்ஸ் பதிப்பு வேறு, உள்ளே இருக்கும் லைப்ரரிகள் வேறு. எனவே கம்பைல் செய்யும் முன் உங்கள் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது. அதன் பெயர்தான் கான்ஃபிகர்.

இந்த ஸ்கிரிப்டை இயக்கினால் திரையில் வரிசையாகக் கேள்விகள் ஓடும். இந்தக் கம்பைலர் வேலை செய்கிறதா? எஸ். இந்த லைப்ரரி இருக்கிறதா? நோ. இந்த பதில்களை வைத்து மேக்பைல் என்ற பைலை அது தயார் செய்யும். பிறகு மேக் என்று கட்டளை கொடுத்தால் கம்பைல் வேலை நடக்கும். கடைசியாக மேக் இன்ஸ்டால் கொடுத்தால் புரோகிராம் கம்ப்யூட்டரில் பதியப்படும்.

நான் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்பதால், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இதனை எளிதாக விளக்க முடிகிறது. சிஎன்சி மெஷினில் ஒரு ஜாபை ஓட்டும் முன் செட்டப் ஷீட்டைப் பார்க்கிறோம். எந்த டூல் எந்த எண்ணில், எந்த அளவில் என்று அதில் இருக்கும். மெஷினை மாற்றிவிட்டுப் பழைய ஷீட்டையே வைத்திருந்தால் என்ன ஆகும்? ஜாபின் டிராயிங் சரியாகவே இருக்கும், மெஷினும் புத்தம் புதிதாக இருக்கும். ஆனாலும் வேலை நடக்காது. நடந்தாலும் அளவு தவறும்.

எங்கள் சாலையில் மெஷினும் ஆலையும் மாறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. நோக்கியா 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்திக் கொண்டது. அதே இடத்தில் பிறகு சால்காம்ப் நிறுவனம் போன் சார்ஜர் செய்யத் தொடங்கியது. டெல் கம்ப்யூட்டர் ஆலை 2007 இலும், ஒரகடத்தில் ரெனோ நிசான் கார் ஆலை 2010 இலும் வந்தன. ஒவ்வொரு முறையும் ஷீட் புதிதாக எழுதப்பட்டிருக்கும். சாஃப்ட்வேரிலும் அப்படியே செய்ய வேண்டும்.

கான்ஃபிகரை எழுதியது யார்?

ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கான்ஃபிகர் ஸ்கிரிப்டை யாரும் கையால் எழுதுவதில்லை. ஆட்டோகான்ஃப் என்ற கருவி அதனை உருவாக்கித் தருகிறது. டேவிட் மெக்கன்சி என்பவர் 1991 இல் குனூ திட்டத்துக்காக இதனை எழுதத் தொடங்கினார். புரோகிராம் எழுதியவர் கான்ஃபிகர் டாட் ஏசி என்ற சிறிய பைலில் தனக்குத் தேவையான சோதனைகளை மட்டும் மேக்ரோக்களாகக் குறிப்பிடுவார். மேக்ரோ என்றால் ஒரு பெரிய வேலைக்கு வைத்த சுருக்கப் பெயர். ஆட்டோகான்ஃப் அதனைப் படித்து முழு ஸ்கிரிப்டையும் எழுதிவிடும். ஆட்டோமேக் என்ற துணைக் கருவி மேக்பைல் தயாரிக்கத் தேவையான மூலத்தைத் தரும்.

இதில் கவனிக்க வேண்டியது, கான்ஃபிகர் என்பது நகல்தான், அதன் மூலம் கான்ஃபிகர் டாட் ஏசி என்பதுதான். 2001 இல் வந்த ஆட்டோகான்ஃப் 2.50 க்கு முன்பு இதன் பெயர் கான்ஃபிகர் டாட் இன். உங்களிடம் இருக்கும் பழைய சோர்ஸ் கோடில் இந்தப் பெயர் இருந்தால், அது எவ்வளவு பழையது என்று அப்போதே தெரிந்து கொள்ளலாம்.

மூன்று வகையில் பழையதாகிறது

1. கம்ப்யூட்டரை அடையாளம் தெரியாமல் போவது. சோர்ஸ் கோடு போல்டரில் கான்ஃபிக் டாட் கெஸ், கான்ஃபிக் டாட் சப் என்று இரண்டு பைல்கள் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை என்று கண்டுபிடிப்பது இவற்றின் வேலை. ஆர்ம் நிறுவனத்தின் 64 பிட் வடிவமைப்பு அறிவிக்கப்பட்டது 2011 இல். இன்றைய ராஸ்ப்பெர்ரி பை கம்ப்யூட்டரில் இருப்பது இந்த வகைதான். 2004 இல் எழுதிய பைலுக்கு 2011 இல் வந்த பிராசசர் எப்படித் தெரியும்? "எந்த வகை என்று ஊகிக்க முடியவில்லை" என்று சொல்லி நின்று விடும். இது தெளிவான பிழை என்பதால் பயமில்லை.

2. மேக்ரோக்கள் காலாவதியாவது. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் கருவிகளின் புதிய பதிப்புகள் சில பழைய பெயர்களை நீக்கி விடுகின்றன. உதாரணமாக 2012 டிசம்பரில் வந்த ஆட்டோமேக் 1.13, ஏஎம் கான்ஃபிக் ஹெடர் என்ற மேக்ரோவை நீக்கியது. அதற்குப் பதில் ஏசி கான்ஃபிக் ஹெடர்ஸ் என்று எழுத வேண்டும். ஆட்டோகான்ஃப் 2.69 வந்தது 2012 இல். அடுத்த பதிப்பான 2.70 வந்தது 2020 டிசம்பரில். எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே பதிப்புக்குப் பழகிய பல பைல்கள் 2.70 இல் எச்சரிக்கைகளைக் கொட்டின.

3. கம்பைலர் கண்டிப்பாவது. இதுதான் ஆபத்தானது. சி மொழியில் ஒரு பங்ஷனின் வகையை எழுதாமல் விடுவதும், அறிவிக்காத பங்ஷனை அழைப்பதும் 1999 ஆம் ஆண்டின் தரத்திலேயே நீக்கப்பட்டு விட்டன. ஆனாலும் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கை மட்டும் கொடுத்து அனுமதித்து வந்தது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14 இவற்றைப் பிழை என்று நிராகரிக்கத் தொடங்கியது. பழைய கான்ஃபிகரில் உள்ள சோதனைகள் என்பவை சின்னஞ்சிறு சி புரோகிராம்கள்தான். அந்தச் சோதனை புரோகிராமே பழைய பாணியில் இருந்தால் கம்பைல் ஆகாது. கான்ஃபிகர் அதனை "உங்கள் கம்ப்யூட்டரில் இந்த வசதி இல்லை" என்று புரிந்து கொண்டு நோ என்று பதில் எழுதிவிட்டு, எந்தப் பிழையும் காட்டாமல் தொடர்ந்து போய்விடும்.

வசதி இருக்கிறது. கேள்வி கேட்டவிதம்தான் பழையது. ஆனால் விளைவு, அந்த வசதி இல்லாமலேயே புரோகிராம் தயாராகி விடுகிறது.

ஒரு பட்டறையில் பார்த்தது

ஒரகடம் பக்கம் உள்ள ஒரு சிறிய லேத் பட்டறையில் இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்தேன். புஷ் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. டிஜிட்டல் கேஜ் ஒன்று சீரியல் போர்ட் வழியாக அளவுகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அவற்றை வாங்கிப் பதிவு செய்யும் புரோகிராமை 2004 இல் ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கொடுத்திருந்தார். சோர்ஸ் கோடு ஒரு சிடியில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் எரிந்து போனதும் அந்த இடத்தில் ராஸ்ப்பெர்ரி பை வைத்திருந்தார்கள். அதில் இருந்தது டெபியன் 13 ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். கம்பைலர் ஜிசிசி 14.

"புதுசுல சரிவரலைன்னா அளவையெல்லாம் கையாலயே எழுதிக்கறோம் சார்" என்றார் உரிமையாளர். நாளைக்குச் சில நூறு புஷ். ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு. கையால் எழுதினால் எங்காவது ஒரு எண் மாறும். வாங்கும் கம்பெனி அந்தப் பதிவைப் பார்த்துத்தான் சரக்கை ஏற்கும்.

கான்ஃபிகரை இயக்கியதும் கம்ப்யூட்டர் வகை தெரியவில்லை என்று நின்றது. கான்ஃபிக் டாட் கெஸ், கான்ஃபிக் டாட் சப் இரண்டையும் புதியதாக மாற்றினோம். அந்தப் படி தாண்டியது. மேக் கொடுத்ததும் கம்பைல் முடிந்து புரோகிராம் திறந்தது. அங்கிருந்தவர்கள் மகிழ்ந்து விட்டார்கள். ஆனால் மெனுவில் "கேஜிலிருந்து படி" என்ற வரியைக் காணோம். கையால் டைப் செய்யும் வரி மட்டும் இருந்தது.

கான்ஃபிகர் இயங்கியபோது திரையில் ஓடியதைத் திரும்பப் பார்த்தோம். சீரியல் போர்ட் உண்டா என்ற சோதனைக்கு நோ என்று இருந்தது. காரணம் கான்ஃபிக் டாட் லாக் என்ற பைலில் கிடைத்தது. சோதனை புரோகிராமில் மெயின் என்பதற்கு முன்னால் இன்ட் என்று எழுதப்படவில்லை. எக்சிட் என்ற பங்ஷனை அறிவிக்கும் ஹெடர் பைலும் சேர்க்கப்படவில்லை. கம்பைலர் இரண்டையும் பிழை என்று நிராகரித்திருந்தது. போர்ட்டை யாரும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

மூலப் பைலில் இரண்டு சொல் திருத்தி, கான்ஃபிகரைப் புதிதாக உருவாக்கினோம். திருத்தும்போது காலாவதியான மேக்ரோக்கள் நான்கைந்து எட்டிப் பார்த்தன. அவற்றையும் மாற்றினோம். இந்த முறை எஸ் வந்தது, மெனுவில் வரியும் வந்தது. புரோகிராமின் உள்ளே ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

நீங்களே செய்து பார்க்க

உபுண்டு, டெபியன், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் போன்ற டெபியன் வழி லினக்ஸ்களுக்கு இங்கு வழி தரப்படுகிறது. தொடங்கும் முன், அந்தப் புரோகிராம் ஏற்கெனவே தயார் நிலையில் உங்கள் லினக்ஸின் சாஃப்ட்வேர் பட்டியலில் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதுவே நல்லது.

1. சோர்ஸ் கோடு போல்டரை முழுவதும் இன்னொரு இடத்தில் காப்பி செய்து வைக்கவும். இனி செய்வதெல்லாம் காப்பியில்தான்.

2. தேவையான கருவிகளை ஏபிடி மூலம் இன்ஸ்டால் செய்யவும். பில்ட் எசென்ஷியல் (இரண்டு சொல்லுக்கும் நடுவே சிறு கோடு), ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி கான்ஃபிக் (இதிலும் நடுவே சிறு கோடு) ஆகிய ஐந்தும் வேண்டும். கடைசியில் சொன்னதை மறந்தால், பிகேஜி செக் மாட்யூல்ஸ் என்ற பெயருக்கு அருகில் பிழை என்று ஒரு புரியாத செய்தி வரும். பலர் இதில்தான் மாட்டிக் கொள்கிறார்கள்.

3. போல்டரில் கான்ஃபிகர் டாட் இன் இருந்தால் அதன் பெயரைக் கான்ஃபிகர் டாட் ஏசி என்று மாற்றவும்.

4. ஆட்டோஅப்டேட் என்று கட்டளை கொடுக்கவும். பழைய மேக்ரோ பெயர்களில் தனக்குத் தெரிந்தவற்றை இது புதிய பெயர்களாக மாற்றும். பழைய பைலைப் பெயரின் இறுதியில் ஒரு நெளி கோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைக்கும். இது மேக்ரோக்களை மட்டுமே மாற்றும், சோதனை புரோகிராம்களின் உள்ளே கை வைக்காது என்பதை நினைவில் கொள்ளவும்.

5. ஆட்டோரீகான்ஃப் கட்டளையை எஃப், வி, ஐ என்ற மூன்று எழுத்துகளுடன் கொடுக்கவும். கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பிறகு மூன்று எழுத்துகளையும் சேர்த்து. எஃப் என்றால் இருப்பதையும் கட்டாயமாகப் புதுப்பி. வி என்றால் செய்வதைச் சொல்லிக் கொண்டே செய். ஐ என்றால் இல்லாத துணைப் பைல்களைச் சேர். எஃப் இல்லாமல் கொடுத்தால் பழைய கான்ஃபிக் டாட் கெஸ் அப்படியே தங்கி விடலாம்.

6. இப்போது செய்திகள் வரும். வார்னிங் என்று தொடங்குபவை அவசரமில்லை. எர்ரர் என்று தொடங்குபவற்றை மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகச் சரி செய்யவும். முதல் பிழையைத் திருத்தினால் அதன் கீழே உள்ள பல பிழைகள் தானாக மறையும். செய்தியிலேயே பைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும்.

7. கான்ஃபிகரை இயக்கவும். ஓடி முடிந்ததும், வந்த நோ பதில்களைப் படிக்கவும். உங்கள் கம்ப்யூட்டரில் நிச்சயம் இருக்க வேண்டிய ஒன்றுக்கு நோ வந்திருந்தால் கான்ஃபிக் டாட் லாக் பைலைத் திறந்து, அந்தச் சோதனையின் பெயரைத் தேடவும். அதன் கீழே கம்பைலர் சொன்னது அப்படியே இருக்கும். "இந்த ஹெடர் பைல் இல்லை" என்றிருந்தால் வசதி உண்மையிலேயே இல்லை, தேவையான லைப்ரரியை இன்ஸ்டால் செய்யவும். "அறிவிக்கப்படாத பங்ஷன்" என்றோ "வகை குறிப்பிடவில்லை" என்றோ இருந்தால் கேள்விதான் பழையது, கான்ஃபிகர் டாட் ஏசி பைலில் திருத்தவும்.

8. கடைசியாக மேக் கட்டளை.

சில பழைய சோர்ஸ் கோடுகளில் கான்ஃபிகர் மட்டும் இருக்கும், மூலப் பைல் இருக்காது. அப்போது ஆட்டோரீகான்ஃப் உதவாது. ஆட்டோடூல்ஸ் டெவ் என்ற பேக்கேஜை (நடுவே சிறு கோடு) இன்ஸ்டால் செய்தால் யுஎஸ்ஆர், ஷேர், மிஸ்க் என்ற போல்டர் வரிசையின் உள்ளே கான்ஃபிக் டாட் கெஸ், கான்ஃபிக் டாட் சப் ஆகியவற்றின் புதிய வடிவம் கிடைக்கும். அவற்றை எடுத்துப் பழையவற்றின் மேல் காப்பி செய்யவும். முதல் வகைச் சிக்கல் அதிலேயே தீரும்.

சென்னைச் சில்லுக்கும் இதே தேவை

இது வீட்டுக் கம்ப்யூட்டரோடு முடியும் விஷயமல்ல. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு சக்தி என்ற பெயரில் பிராசசர்களை வடிவமைத்தது. 2018 இல் சக்தி சில்லு ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பைப் பின்பற்றும் பிராசசர் அது. அந்த வடிவமைப்பு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியதே 2010 இல்தான். அதற்கு முன் எழுதிய எந்தக் கான்ஃபிக் டாட் சப் பைலுக்கும் அந்தப் பெயர் தெரியாது.

பிராசசர் செய்து முடித்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகளாக உலகம் எழுதி வைத்த புரோகிராம்கள் அதில் கம்பைல் ஆக வேண்டும். டெபியன் குழுவினர் இதற்கு ஒரு நல்ல வழி செய்தார்கள். 2016 முதல் அவர்களுடைய பேக்கேஜ் தயாரிக்கும் கருவி, கம்பைல் செய்யும் முன் அடையாளப் பைல்களைத் தானே புதுப்பித்துக் கொள்கிறது. அதே ஆண்டு வந்த அதன் 10 ஆம் நிலையில் ஆட்டோரீகான்ஃபும் வழக்கமான படியாகவே சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இல் 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வமாக இடம் பெற்றது. நீங்கள் மேலே செய்த அதே வேலைதான், ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களுக்கு.

மற்ற கருவிகளிலும் இதே கதை

ஆட்டோகான்ஃப் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்தும் புரோகிராம்களில், குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு தேவை என்று ஒரு வரி இருக்கும். 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, அந்த வரியில் 3.5 ஐ விடக் குறைந்த எண் இருந்தால் ஏற்க மறுக்கிறது. பெரும்பாலும் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும். பைத்தான் மொழியில் 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பு டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய தொகுப்பை நீக்கியது. அதனை நம்பியிருந்த பழைய செட்டப் பைல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

சி புரோகிராம்களில் இன்னொன்றும் கவனிக்கவும். 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, நாம் எதுவும் சொல்லாவிட்டால் சி மொழியின் 2023 ஆம் ஆண்டுத் தரத்தையே எடுத்துக் கொள்கிறது. மிகப் பழைய பாணியில் எழுதிய பங்ஷன்களை அந்தத் தரம் ஏற்பதில்லை. இங்கு கான்ஃபிகர் மட்டுமல்ல, புரோகிராமே திருத்தம் கேட்கலாம்.

எச்சரிக்கை

கான்ஃபிகர் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் கட்டளைகளை இயக்கும் ஸ்கிரிப்ட். எங்கிருந்தோ கிடைத்ததை யோசிக்காமல் இயக்கக் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது புகுத்தப்பட்டதே கான்ஃபிகர் உருவாக்கப் பயன்படும் ஒரு மேக்ரோ பைல் வழியாகத்தான். எனவே சோர்ஸ் கோடை அதன் உரிய தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யவும். ஆட்டோரீகான்ஃப், கான்ஃபிகர், மேக் மூன்றையும் சாதாரண யூசராகவே இயக்கவும். சூடோ தேவைப்படுவது கருவிகளை இன்ஸ்டால் செய்யும்போதும், கடைசி மேக் இன்ஸ்டால் கட்டளைக்கும் மட்டும்தான்.

திருத்தம் முடிந்ததும் என்னென்ன மாற்றினீர்கள் என்று தேதியுடன் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி அதே போல்டரில் வைத்து விடுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் மாறும்போது அரை மணி நேர வேலை ஐந்து நிமிடமாகக் குறையும். புரோகிராமை எழுதியவர் இன்னும் அதனைக் கவனித்து வருகிறார் என்றால் உங்கள் திருத்தத்தை அவருக்கும் அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் அவர் சேர்த்து விட்டால், அதே இடத்தில் நின்று திகைக்கப் போகும் இன்னொருவருக்கு அந்த வேலை மிச்சம்.